ஒரு சட்டம், இரண்டு சிலிண்டர்

ஆம்பூரில் ஒருவர் ‘சிலிண்டர் மாத்தணும்’ என்றால் கேட்பவருக்கு காஸ் ஏஜென்சிதான் ஞாபகம் வரும். துப்பாக்கிக்குச் சிலிண்டர் மாற்றும் பேச்சு இந்த ஊருக்குப் புதிது. ஆனால் அதன் சூட்சுமம் தெரிந்த கைகள் இங்கே ஏராளம். தோல் பட்டறை மேசையில் கிடக்கும் ஓட்டை போடும் இடுக்கியைப் பாருங்கள். அதன் வாயில் சின்னச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி ஆறு குழல், ஒவ்வொன்றும் ஒரு அளவு. வேண்டிய குழலை எதிரே கொண்டுவர சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ‘டக்’கென்று நிலைகொள்ளாமல் பாதியில் நின்றால் பெல்ட்டில் விழுவது வட்டமல்ல, பிறை. சில இடுக்கிகளில் மழுங்கிய குழலைத் திருகிக் கழற்றி வேறு குழலும் போட்டுக்கொள்ளலாம். சுற்றும் சக்கரம், நேர்க்கோட்டில் நிற்கும் துளை, மாற்றிக்கொள்ளத்தக்க பாகம்: ரிவால்வரும் இதே மூன்றில்தான் நிற்கிறது. இடுக்கியில் கோடு தவறினால் ஒரு பெல்ட் வீண். ரிவால்வரில் தவறினால் சிதறும் ஈயமும் சூடான வாயுவும் பக்கத்தில் நிற்பவர் மேல் பாயும்.

ஒரே துப்பாக்கிக்கு இரண்டு சிலிண்டர் வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு வகைத் தோட்டா சுடும் ரிவால்வர்கள் அமெரிக்காவில் அறுபது ஆண்டுக்கும் மேலாகக் கடைச்சரக்கு. இந்தியாவில் அவை கண்ணில் படுவதே அபூர்வம். அப்படியிருக்க இங்கே ஏன் அதைப் பற்றி எழுத வேண்டும்? அந்த ரிவால்வர் நம்மிடம் இல்லை என்றாலும் அதில் நடக்கும் தவறு நம்மிடம் நடக்க வழியிருக்கிறது. அந்த வழியைக் காட்டத்தான் இந்தச் சுற்று.

வேலூரில் துப்பாக்கியும் தோலும் சேர்ந்து வந்த கதை ரிவால்வரைவிடப் பழையது. 1806 ஜூலை 10 அதிகாலை வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கான காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வைக்கச் சொன்ன தோல் சின்னம். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பிரிட்டிஷ் தளபதி கில்லெஸ்பி பாய்ந்து வந்து கோட்டையை மீட்டார். அன்று இரு தரப்பின் கையிலும் இருந்தவை ஒரு வெடி வெடித்தால் மறுபடி மருந்து கெட்டித்தாக வேண்டிய துப்பாக்கிகள். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் நடுவே கிடந்த அந்த வெற்று நேரத்தை எப்படிச் சுருக்குவது என்பதுதான் அடுத்த அரை நூற்றாண்டு துப்பாக்கிக்காரர்களைப் பிடித்து ஆட்டிய கேள்வி.

அதற்கு விடை தேடியவர்களில் பேர் வாங்கியவர் சாமுவேல் கோல்ட். 1830இல், பதினாறு வயதில், கல்கத்தாவுக்குப் புறப்பட்ட ‘கோர்வோ’ என்ற கப்பலில் ஏறிய பையன், பயணத்தின்போது சுழலும் சிலிண்டரின் மாதிரியை மரத்தில் செதுக்கினான். 1836இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் அவர் செய்து விற்ற முதல் ரிவால்வர்களோடு, பெட்டிக்குள் ஓர் உபரிச் சிலிண்டரும் வைத்துத் தந்தார்கள். அன்றைக்குத் தோட்டா என்ற ஒற்றைப் பொருள் கிடையாது. ஒவ்வொரு அறையிலும் மருந்து கொட்டி, குண்டு வைத்து அழுத்தி, பின்னால் வெடிமூடி மாட்ட வேண்டும். ஐந்து அறைக்கும் செய்து முடிக்க நிமிடக்கணக்கில் ஆகும். வீட்டிலேயே இன்னொரு சிலிண்டரைக் கெட்டித்து வைத்துக்கொண்டால், காலியானதைக் கழற்றி அதைப் போடலாம். ஆக, சிலிண்டர் மாற்றும் யோசனை நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்தது. தோட்டா வகையை மாற்றும் எண்ணம் பிற்பாடு வந்தது.

கோல்ட்டில் ஆப்பைத் தட்டிக் குழலையே பிரித்தால்தான் சிலிண்டர் வெளிவரும். 1858 காப்புரிமையின்படி வந்த ரெமிங்டனில் கீழ்நெம்பை இறக்கி அச்சுக் கம்பியை முன்னால் இழுத்தால் போதும், சிலிண்டர் கைக்கு வந்துவிடும். ‘பேல் ரைடர்’ (1985) படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் அவசரத்தில் சிலிண்டர் மாற்றும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். படத்தில் சொல்லாத ஒன்று: வெடிமூடி மாட்டிய சிலிண்டரைச் சட்டைப்பையில் போட்டு நடப்பது, பற்றவைக்கக் காத்திருக்கும் பட்டாசைப் பையில் வைத்து நடப்பதற்குச் சமம். கீழே விழுந்தால் எந்த அறை எந்தத் திசையில் வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

1857இல் ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி உலோகக் கூட்டுத் தோட்டாவுக்கான ரிவால்வரைக் கொண்டுவந்தது. மருந்து, குண்டு, வெடிமூடி மூன்றும் ஒரே கூட்டில் வந்தபின் உபரிச் சிலிண்டருக்கு வேலை போயிற்று. ஒரு நூற்றாண்டு கழித்து அது வேறு வேலைக்குத் திரும்பி வந்தது. 1959இல் வின்செஸ்டர் கம்பெனி .22 மேக்னம் என்ற வீரியமான தோட்டாவை வெளியிட்டது. அதற்கு முன்பே ரூகர் கம்பெனியின் ‘சிங்கிள் சிக்ஸ்’ என்ற ரிவால்வர் சாதாரண .22 லாங் ரைஃபிள் தோட்டாவைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஒரே துப்பாக்கியோடு இரண்டு சிலிண்டர் கொடுத்தால் பயிற்சிக்கு மலிவான தோட்டா, வேட்டைக்கு வீரியமானது என்று இரண்டும் ஆகுமே என்று யோசித்தார்கள். பிறகு .357 மேக்னத்தோடு 9 மி.மீ., .45 கோல்ட்டோடு .45 ஏ.சி.பி. என்று ஜோடிகள் பெருகின. பிரான்சின் மனுரின் எம்.ஆர். 73க்கும் 9 மி.மீ. சிலிண்டர் உண்டு.

குழல் ஒன்றாக இருக்கத் தோட்டா மட்டும் இரண்டு வகை எப்படி? ஜோடியான இரண்டு தோட்டாவிலும் முன்னால் பாயும் குண்டின் விட்டம் ஏறத்தாழ ஒன்றுதான், பின்னால் இருக்கும் பித்தளைக் கூடுதான் வேறு. .22 லாங் ரைஃபிள் கூட்டின் விட்டம் சுமார் 5.7 மி.மீ. மேக்னத்தின் கூடு சுமார் 6.1 மி.மீ., நீளமும் அதிகம். குண்டு குழலுக்குச் சொந்தம், கூடு சிலிண்டருக்குச் சொந்தம். எனவே சிலிண்டரை மாற்றினால் போதும். .357, 9 மி.மீ. ஜோடியில் குண்டுகளின் விட்ட வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. குழல் அதைப் பொறுத்துக்கொள்ளும், குறிபார்ப்பவர் சில சமயம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 9 மி.மீ. தோட்டாவுக்கு வெளியே துருத்தும் விளிம்பும் கிடையாது. அது அறைக்குள் உள்ள சிறு படிக்கட்டில் தன் வாயை முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் படியைக் கடைவதில் கொஞ்சம் பிசகினாலும் தோட்டா உள்ளே போய்விடும், சுத்தியலின் அடி எட்டாது.

சிலிண்டர் இரண்டானாலும் சட்டம் ஒன்றுதான். சட்டம் என்று இங்கே சொல்வது குழலையும் விசையையும் தாங்கும் இரும்புக் கூட்டை. அந்தச் சட்டத்தோடு சிலிண்டர் மூன்று இடத்தில் ஒத்துப்போக வேண்டும். சுத்தியலை இழுத்து நிறுத்தும்போது அறை குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ள வேண்டும். சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் வாய்க்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். தோட்டாவின் அடிப்பகுதி பின்சுவரை ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி குறைந்தால் புகைக்கரி படிந்து சிலிண்டர் சிக்கும், கூடினால் வேகம் வீணாகி ஈயத்தூள் பக்கவாட்டில் தெறிக்கும். ஷூ கம்பெனியில் லாஸ்ட் எனும் கால் அச்சுப் பிரிவில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஒரு எண் லாஸ்ட்டில் இழுத்த மேல்தோலுக்கு அடுத்த எண் அடிப்பாகத்தை ஒட்டினால் பார்வைக்கு ஷூ மாதிரிதான் இருக்கும், நடந்தால் தெரியும். அதனால்தான் தொழிற்சாலையில் உபரிச் சிலிண்டரை அந்தக் குறிப்பிட்ட துப்பாக்கியில் பொருத்திப் பார்த்து, அதன் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களைச் சிலிண்டர் மேல் கீறி அனுப்புகிறார்கள். ஒரே மாடல், ஒரே நாள் வாங்கிய இரண்டு துப்பாக்கியானாலும் ஒன்றின் சிலிண்டரை மற்றதில் போடக்கூடாது.

மாற்றும் முறை சொல்லும்போது சுலபம். குழல் பாதுகாப்பான திசையைப் பார்க்க வேண்டும். ஏற்றும் கதவைத் திறந்து ஒவ்வோர் அறையாகச் சுற்றித் தோட்டாக்களை எடுத்துவிட்டு, கண்ணால் ஒரு முறை, சுண்டுவிரலால் ஒரு முறை ஆறு அறையும் காலிதானா என்று தடவிப் பார்க்க வேண்டும். பிறகு அச்சுக் கம்பியின் பூட்டை அழுத்திக் கம்பியை முன்னால் இழுத்தால் சிலிண்டர் பக்கவாட்டில் உருண்டு கையில் விழும். மாற்றுச் சிலிண்டரின் எண்ணைத் துப்பாக்கியின் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். கம்பி பூட்டுக்குள் முழுக்க உட்கார்ந்துவிட்டதா என்பதை இழுத்துப் பார்த்தே அறிய வேண்டும். அரைகுறையாக நின்றால் வெடியின் அதிர்ச்சியில் முன்னால் நழுவிச் சிலிண்டரை மடக்கிவிடும். காலியாக இருக்கும்போதே சுத்தியலை மெல்ல இழுத்து, ஆறு அறையும் ஒவ்வொன்றாக வந்து பூட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் தோட்டா. எதிலும் பலம் காட்டக் கூடாது. சிலிண்டர் மறுக்கிறது என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பாயும் வாயு விரலைக் கிழிக்கும், அந்தப் பக்கம் கை போகவே கூடாது. சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே அடியைக் கடத்தும் தகடு இல்லாத பழைய மாடல்களில் (ரூகர் அந்தத் தகட்டை 1973இல் கொண்டுவந்தது) சுத்தியலுக்கு எதிரே உள்ள அறையைக் காலியாக விடுவது வழக்கம், அதாவது ஆறு அறைக்கு ஐந்து தோட்டா.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மேசை. ஒரு மேசையில் ஒரு வகைத் தோட்டாப் பெட்டிதான் இருக்க வேண்டும். மேக்னம் தோட்டா சாதாரண அறைக்குள் நுழையாது, அது நல்லது. சாதாரணத் தோட்டா மேக்னம் அறைக்குள் தாராளமாக நுழையும், ஆபத்து அங்கேதான். அகலமான அறைக்குள் ஒல்லியான கூடு வெடிக்கும்போது உப்பிக் கிழிந்து, வாயு பின்னோக்கி முகத்துக்கு வரும். அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு ஆபத்தான ஜோடிகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. எது நுழையவில்லையோ அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்கிறது, நுழைவதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

தொழிற்சாலை பொருத்தித் தராமல் கண்டவர்கள் சிலிண்டரில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெப்லி சாட்சி. பிரிட்டிஷ் இந்தியாவில் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய .455 வெப்லி ரிவால்வர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மலிவு விலைக்குக் குவிந்தன. அங்கே .455 தோட்டா கிடைப்பது சிரமம், .45 ஏ.சி.பி. தெருவெல்லாம் கிடைக்கும். வியாபாரிகள் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி அந்தத் தோட்டா ஏறும்படி செய்து விற்றார்கள். .45 ஏ.சி.பி.யின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு வரை போகும். நடுவே மடங்கித் திறக்கும் அந்தப் பழைய சட்டம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சில சிலிண்டர்கள் வெடித்துப் பிளந்தன. அளவு சரியாக இருந்தது, பலம் சரியாக இல்லை.

நம் ஊர்க் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்தியாவில் உரிமம் பெற்றவர் வாங்கும் ரிவால்வர் பெரும்பாலும் .32. ‘32 போர்’ என்பார்கள். கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும், 2014இல் வந்த ‘நிர்பீக்’கும் வெப்லி வழியில் நடுவே மடங்கித் திறப்பவை. 2023இல் வந்த ‘பிரபல்’ சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே சாயும் வகை. வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் 2020 முதல் .32 ரிவால்வர் செய்கிறார்கள். எதிலும் மாற்றுச் சிலிண்டர் கிடையாது. ஆனால் அதே 32 போரில் பிஸ்டலும் விற்கிறது. ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெசன் லாங், பிஸ்டலுக்கு உரியது .32 ஏ.சி.பி. இரண்டின் கூட்டு விட்டமும் ஒன்று. பிஸ்டல் தோட்டா குட்டை. அதன் விளிம்பு சிறியதுதான், ஆனாலும் ரிவால்வர் அறையில் தொற்றிக்கொள்ளக்கூடும். ரிவால்வர் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. பெயரும் ஒன்று, விட்டமும் ஒன்று, அழுத்தம் மட்டும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். இரண்டு சிலிண்டர் வைத்திருக்கும் அமெரிக்கருக்காவது சிலிண்டரை மாற்றும்போது ஒரு நினைவு வரும். ஒரே சிலிண்டர் வைத்திருக்கும் நமக்கு அந்த நினைவூட்டலும் இல்லை. கடையில் ‘32 குடுங்க’ என்று கேட்காமல் தோட்டாவின் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், பெட்டியின் எழுத்தைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இனி இன்னொரு சட்டம். இரும்புக் கூட்டுக்கும் அரசின் விதிக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது இந்த விஷயத்தில் ரொம்பப் பொருத்தம். 1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்துச் சட்டம் இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதையே சந்தேகத்தோடு பார்த்தது. அதை நீக்கி வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் ‘ஆயுதம்’ என்ற சொல்லின் விளக்கத்திலேயே ஆயுதத்தின் பாகங்களும் அடங்கும். ஆகவே மேசை இழுப்பறையில் தனியாகக் கிடக்கும் ஒரு சிலிண்டரும் சட்டத்தின் கண்ணில் வெறும் உதிரிப்பாகமல்ல. துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும்கூட ஐந்தாம் பிரிவு தனி உரிமம் கேட்கிறது. தெருமுனை லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து வாங்கலாம் என்று நினைப்பவர் இரண்டு சட்டத்தையும் சேர்த்து உடைக்கிறார். அதோடு 9 மி.மீ., .38, .455 போன்ற படைத் தோட்டா ரகங்கள் சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்டவை. .357 ரிவால்வருக்கு 9 மி.மீ. சிலிண்டர் என்ற ஜோடி இங்கே தொடக்கத்திலேயே அடிபட்டுப் போகிறது. சாதாரண ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் வழியும் 1980களின் நடுவிலேயே அடைபட்டது. பேர்பெற்ற துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு மட்டும் சலுகை இருக்கிறது.

2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது, உரிமத்தின் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக்கியது. அதே ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. வேலூர் கலெக்டர் ஆபீஸ் படியேறிப் பழகியவர்கள் திருப்பத்தூர் பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீதில் எழுதுவது துப்பாக்கியின் எண்ணை. அந்த எண் சிலிண்டரிலும் ஒத்திருக்கிறதா என்று அப்போதாவது பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைச் சிலிண்டர் ரிவால்வர் புத்திசாலித்தனமான பொருள், ஆனால் அது வாரக்கடைசியில் காட்டுக்குப் போய்ச் சுடும் நாட்டுக்கான பொருள். வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று எண்ணிக் கொடுக்கும் நாட்டில், தற்காப்புக்கென்று உரிமம் வாங்கியவருக்கு அது தேவையற்ற சிக்கல். இங்கே கிடைக்கவில்லை என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

நம் பக்கத்துக்கு உண்மையில் உரியது இடுப்பில் கட்டும் தோல் உறை. அதைப் பற்றி நாம் வாய் திறந்து பேசலாம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் பேர் சொன்ன சரக்கு. அந்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோலுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. சென்னையில் 1903இல் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் குரோம் பதனிடுதலைச் சோதனையாகத் தொடங்கினார். நாளடைவில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் ஷூ மேல்தோலுக்குக் குரோமே ராஜாவாயிற்று. அதன் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை 1996 ஆகஸ்ட் 28 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விரிவாகச் சொல்கிறது.

குரோம் தோல் மெத்தென்று இருக்கும், மழைக்குத் தாங்கும், ஷூவுக்கு அருமை. துப்பாக்கி உறைக்கு அது சரிப்படாது. பதனிடும்போது ஏறிய உப்பும் அமிலமும் கொஞ்சம் தங்கிவிட்டால் எஃகை அரிக்கும். தோல் துவள்வதால் உறையின் வாயும் மூடிக்கொள்ளும். உறைக்கு வேண்டியது மூன்று, நான்கு மி.மீ. கனத்தில், தண்ணீரில் நனைத்து வடிவம் பிடித்தால் அப்படியே விறைத்து நிற்கும் பட்டைத் தோல். உறை விசையை முழுக்க மூட வேண்டும். சிலிண்டர் பருமனான பகுதி, அங்கே தையல் நெருக்கிப் பிடித்தால் உருவும்போது சிக்கும். இங்கேயும் வேலை அளவில்தான் இருக்கிறது.

பட்டைத் தோலுக்கும் குணக்கேடு உண்டு. நம் பாட்டன்மார் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி போட்டு எழுதும் மை செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும் என்பதுதான் அந்த மையின் ரகசியம். வியர்வையில் நனைந்த பட்டைத் தோல் உறைக்குள் எஃகு ரிவால்வர் மாசக்கணக்கில் கிடந்தால் அதே மை துப்பாக்கியின் உடம்பில் எழுத ஆரம்பிக்கும். பெல்ட்டின் தோட்டா வளையங்களில் விட்டுவைத்த பித்தளைக் கூடுகளில் பச்சைக் களிம்பு பூக்கும், அப்படிப் பூத்த தோட்டா அறையில் ஒட்டிக்கொள்ளும். பேரணாம்பட்டிலோ ஆம்பூரிலோ எவ்வளவு நல்ல தோலில் தைத்த உறையானாலும், வீடு திரும்பியதும் ரிவால்வரைக் காலி செய்து, உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டு போட்ட இரும்புப் பெட்டியில் வையுங்கள். உறை வெளியே ஆணியில் காற்றாடத் தொங்கட்டும்.